போகாத ஊருக்கு வழி

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் வலது பக்கம் திரும்பிவிடக் கூடாது. அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் இருக்கிற பெரிய கடைகளும் பஸ் நிலையமும்தான். இடது பக்கம் படியிறங்கினால் மேலே கூரை போட்ட நீளமான கடைத்தெரு வரும். பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். ஊரில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்பாலையில் ஆட்களைக் குறைத்த காலத்திலிருந்தே அப்படித்தான். மீதிப் பாதியில் ஒரு பூக்கடை, ஒரு சைக்கிள் கடை, கருவாட்டைச் சீவிப் போட்ட ரசத்தில் தடித்த நூடுல்ஸை மிதக்கவிட்டுத் தருகிற ஒரு சாப்பாட்டுக்கடை. தெரு முடிகிற இடத்தில் தண்ணீர். தலைக்கு மேலே சிவப்புப் பாலம், காலுக்குக் கீழே குட்டிப் படகு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே படகில் ஏறிவிடலாம். உட்கார இடம் பார்ப்பதற்குள் அக்கரை வந்துவிடும். அங்கிருந்து புகைபோக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேடேறினால், பால்கனியெல்லாம் துணி காய்கிற ஒரு மாடிக் கட்டடம். மேல்மாடியில் கடைசி அறை என் கணவருடையது.

இந்த வழியில் நான் ஒருநாளும் நடந்ததில்லை. அந்த ஊரையே பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணைக் கட்டி அங்கே கொண்டுபோய் விட்டால் தடுமாறாமல் போய்ச் சேருவேன் என்று இன்றைக்கும் சொல்வேன். சிதம்பரத்தில், புகுந்த வீட்டில், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட ஊர் அது.

எங்களுக்குக் கல்யாணமானது இரண்டாயிரத்து ஆறில், திருவந்திபுரம் பெருமாள் கோயிலில். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் கல்யாணம். முகூர்த்த நாளில் எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்று ஐயரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பின்னால் அடுத்த கோஷ்டி மாலையும் கையுமாகக் காத்துக்கொண்டிருக்க, அம்மிமேல் வைத்த என் காலைப் பிடித்து என் கணவர் மெட்டி போட்டார். ஒரு மெட்டி இறுக்கமாக இருந்தது. அதைச் சாக்காக வைத்து வேண்டிய நேரத்துக்கு மேலேயே காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் கடலூர் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் பம்புகளைப் பராமரிக்கிற வேலையில் இருந்தார். நான் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் இரண்டு பேரும் சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் கிளம்புவோம். அவர் தொழிற்பேட்டையில் இறங்கிக்கொள்வார், நான் கடைசிவரை போவேன். அந்த பஸ் பயணம்தான் எங்கள் தேனிலவு. அதுவும் நின்று ஆடிக்கொண்டே போன தேனிலவு. உட்கார இடம் கிடைத்தது சொற்ப நாட்கள்தான்.

அடுத்த ஆண்டே அவரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பது விதி. “ரெண்டு வருஷம்தான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிடும்,” என்றார். கண்ணை மூடினால்தானே திறப்பதற்கு? எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவார். ஆரம்பத்தில் “சாப்டியா?”, “சாப்டேன்”, “மழையா?”, “மழதான்” என்றே ஓடியது. பக்கத்தில் அத்தை, அதாவது என் மாமியார், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே காதைத் தீட்டிவைத்திருப்பார். வேறு என்ன பேசுவது? ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரியல. கண்ண மூடினா ஒரு வெள்ளச் சுவத்துக்கு முன்னாடி நிக்கறீங்க. சுத்தி ஒண்ணுமே இல்ல,” என்று கத்தினேன்.

“சரி வா, ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டுப் போறேன்,” என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எனக்கு ஊர்வலம். ஒரு வாரம் கடைத்தெரு, ஒரு வாரம் படகுத்துறை, ஒரு வாரம் குன்றின்மேல் ஏறி ஆலை விளக்குகளை மேலிருந்து பார்ப்பது. மஞ்சள் தொப்பி போட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் வருகிற ஒரு பாட்டு, அதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடுகிற அதே பிள்ளைகள். பாட்டை அவர் வாயால் ஹம்மிங் செய்து காட்டினார். எனக்கு அது பிடித்துப்போய், பள்ளியில் கடைசி மணி அடிக்கும்போது நானும் அதையே முணுமுணுப்பேன்.

அது பேர்போன ஊரில்லை. சுற்றிப் பார்க்க என்று யாரும் போகமாட்டார்கள். இரும்பு, சிமெண்ட், கண்ணாடி, ரசாயனம் என்று வேலைக்காகவே உண்டான ஊர். “நம்ம முதுநகர் மாதிரிதான்டி. ஹார்பர், பழைய குடோனுங்க, உப்பங்கழி, அந்தாண்ட ஆலைங்க. என்ன, இங்க நாத்தம் கெடையாது,” என்பார். நான் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவள். உப்பனாற்றைப் படகில் தாண்டி சிங்காரத்தோப்புக்குப் போய்வந்த கால் என்னுடையது. எனக்கு ஒட்ட வேண்டும் என்றே அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஒட்டிக்கொண்டது.

ஒரு காலத்தில் அங்கேயும் நாற்றம் இருந்ததாம். வானம் பல நிறத்தில் புகைந்ததாம், வளைகுடாவில் மீன் தங்கவில்லையாம். துவைத்த துணி கொடியிலேயே கறுத்துப்போவதைப் பார்த்து, முதலில் கேள்வி கேட்டது ஆலைத் தொழிலாளிகளின் மனைவிமார்களாம். புருஷன் சம்பளம் வாங்குகிற ஆலையையே கேட்டிருக்கிறார்கள். அந்த வாரம் எங்கள் பஸ் தொழிற்பேட்டையைத் தாண்டும்போது எல்லோரும் முந்தானையையும் கைக்குட்டையையும் மூக்கில் வைக்க, நான் அந்தப் பெண்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் யாராவது ஒருத்தியைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

“வா, காட்டறேன்,” என்றார். எதைக் கேட்டாலும் அவருடைய பதில் அதுதான். வா, காட்டறேன்.

ஆலையில் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் வால்வு மூடியிருக்கிறதா, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் விரல் நீட்டிச் சுட்டி, “சரி!” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலை நரைத்த மேஸ்திரிகூட அப்படித்தான் செய்வாராம். “கண்ணு ஏமாத்திடும்டி. கை காட்டி வாய் சொன்னாத்தான் மனசு அங்க நிக்கும். சரியில்லன்னா என்ன கொறன்னு அதையும் வாய்விட்டுச் சொல்லணும்,” என்று எனக்குப் பாடம் எடுத்தார். போனை வைக்கும் முன்னால் என்னையும் செய்யவைப்பார்.

“கேஸு?”

நான் அடுப்படியை நோக்கி விரலை நீட்டி, “சரி!” என்பேன்.

“மோட்டாரு?”

“சரி!”

“பின்கதவு?”

“சரி!”

அத்தை கீரையை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். “புருஷனும் பொண்டாட்டியும் பேசுற பேச்சா இது? கரண்டு ஆபீசுக்காரன் மாதிரி.” அத்தைக்கு எப்படித் தெரியும்? நான் விரல் நீட்டும் அதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் அவரும் தன் அறையில் விரல் நீட்டிக்கொண்டிருப்பார் என்பதுதான் எனக்கு அந்த வாரத்துக்கான சாப்பாடு.

வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருவார். சுட்ட தோசை ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்.

பயிற்சி முடிந்து அங்கேயே வேலையைத் தொடரச் சொன்னார்கள். குடும்பத்தைக் கூட்டிவரவும் அனுமதி கிடைத்தது. அது இரண்டாயிரத்து ஒன்பது. நான் பள்ளியில் சொல்லிக்கொள்ளப் போன வாரம், மாமனாருக்கு வலதுகையும் வலதுகாலும் விழுந்துவிட்டன. யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தார்கள், அதுதான் கஷ்டம். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அத்தை ஒருத்தியாக அவரைப் புரட்டிப் படுக்கவைக்கத் திணறியதைப் பார்த்த பிறகு பெட்டியை நானே பரண்மேல் ஏற்றினேன். மாமனார் நல்ல மனுஷன். அவருக்குச் செய்ததில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஐந்து மணிக்கு அந்த ஊரில் பாட்டு வருகிற நேரத்தை நினைத்துக்கொண்டு, இங்கே கஞ்சி ஆற்றுகையில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருடைய கடலூர் ஆலையிலிருந்து இன்னொரு பையனை அதே ஊருக்கு, பயிற்சிக்கு இல்லை, வேலைக்கே, குடும்பத்தோடு அனுப்பினார்கள். புதுசாகக் கல்யாணமானவன். பெண் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையைச் சேர்ந்தவள், கடலூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “அக்கா, அண்ணன்தான் சொன்னாரு. அந்த ஊரப் பத்தி உங்கள விட்டா ஆளு இல்லியாம்,” என்றாள்.

எனக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன. காபி கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன். ஸ்டேஷனில் வலது பக்கம் திரும்பாதே. எரிகிற குப்பைக்கு ஒரு நாள், பாட்டிலுக்கு ஒரு நாள். மாற்றிப் போட்டால் வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ்ஸில் செல்போனில் பேசாதே. கக்கூஸுக்கு என்று தனிச் செருப்பு இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடாதே. படகில் இடது பக்கம் நின்றால் பாலம் முழுசாகத் தெரியும். மீன் நம் ஊர் மாதிரியே கிடைக்கும், ஆனால் சங்கரா மீனைத் தேடாதே. அந்தப் பெண் கண்கொட்டாமல் கேட்டாள். அத்தை மட்டும் உள்ளேயிருந்து, “போகாத ஊருக்கு வழி சொல்றதுல எங்க வூட்டுப் பொண்ண அடிச்சிக்க ஆளு கெடையாது,” என்றார். கேலிதான். ஆனாலும் அன்றைக்குச் சுருக்கென்று பட்டது.

அங்கே போன ஒரே மாதத்தில் கிள்ளைப் பெண் போன் செய்தாள். “அக்கா, அப்படியே இருக்கு! நீங்க சொன்ன மாதிரியே. அந்த நூடுல்ஸ் கட, அந்தப் படகு, எல்லாம்!” சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது அவளுக்கு. பேச்சோடு பேச்சாக, “நேத்து அண்ணன் ரூமுக்கு டீ குடிக்கப் போயிருந்தோங்க்கா. வாசல்ல ஒரு ஜோடி லேடீஸ் செருப்பு இருந்துச்சு. பாசிப்பச்ச கலர்ல, துணியில, அவ்ளோ அழகா,” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று மழையைப் பற்றிப் பேசி வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு அத்தை எடுத்து, “இவ மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருக்காடா, என்னன்னு கேளு,” என்று என் காதில் வைத்து அழுத்தினார்.

“அந்தச் செருப்பு யாருது?” என்றேன். வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை.

கொஞ்சம் திகைத்து, அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். “அடிப்பாவி, உன்னுதுதான். இங்க வெளிச் செருப்ப வாசல்ல வுட்டுட்டு, வர்றவங்க வூட்டுக்குள்ள போட்டுக்க வேற செருப்பு வச்சிருப்பாங்க. அனுமதி வந்துச்சே, அந்த வாரமே வாங்கிட்டேன்.”

“வர்றவங்களுக்கா? நான் என்ன விருந்தாளியா?”

“விருந்தாளிக்குப் பிளாஸ்டிக்குதான்டி. இது வூட்டு ஆளுக்கு.”

அன்றைக்குக் கேஸ், மோட்டார், பின்கதவு எதற்குமே நான் விரல் நீட்டவில்லை.

மாமனார் அந்த ஆண்டே போய்ச் சேர்ந்தார். வருஷத் திதி முடியட்டும் என்றார்கள், முடிந்தது. அத்தையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்து தங்குவது என்று முடிவாகி, இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஏப்ரல் மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். சுவரில் ஜப்பான் வரைபடம் ஒட்டி அவருடைய ஊரில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். அப்பளம், வத்தல், புளி. அவருக்குப் பிடித்த சுண்டைவத்தலை மட்டும் தனியாகக் கட்டினேன்.

மார்ச்சில் அந்த அலை வந்தது.

அன்று மத்தியானம் டி.வி.யில் காட்டினார்கள். வீடுகளும் கார்களும் கறுப்புத் தண்ணீரில் மிதந்து வந்தன. அவர் சாயங்காலமே போன் செய்துவிட்டார். அவர் ஊர் நாட்டின் மறுகோடி. அங்கே ஒரு தம்ளர்கூட ஆடவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் முதுநகரிலிருந்து அப்பா வந்து இறங்கினார்.

அப்பா ஜாஸ்தி பேசமாட்டார். நான் கேட்டு அவர் மறுத்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. இரண்டாயிரத்து நான்கில், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவரும் அவருடைய சிநேகிதரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார்கள். அப்பா மட்டும் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் கடல் பக்கமே போனதில்லை.

உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். “போவாதம்மா,” என்றார்.

நான் அவரைப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போய் விரல் நீட்டிக் காட்டினேன். “அலை வந்தது இங்கப்பா. அவரு ஊரு இங்க. எவ்ளோ தூரம் பாருங்க. அது அந்தக் கோடி, இது இந்தக் கோடி.”

“தண்ணிக்குக் கோடி தெரியுமா?” என்றார் அப்பா. “எங்கியோ இந்தோனேசியாக்காரன் பக்கத்துல பூமி ஆடுனதுக்கு, தேவனாம்பட்டினத்துல ஆளு போச்சே.”

படத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன். அவரை எதிர்த்துக்கொண்டு போயிருக்கலாம். சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. ஆனால் நான் விமானம் ஏறிய நாளிலிருந்து அந்த மனுஷன் ஒருவாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கமாட்டார். “ஆறு மாசம் போவட்டும்டி, மாமா மனசு ஆறட்டும்,” என்றார் என் கணவரும். டிக்கெட்டைத் திருப்பினோம். பெட்டியைப் பரண் ஏற்றவில்லை, கட்டிலடியில் தள்ளிவைத்தேன்.

அந்த ஆறு மாதம் நீண்டு, வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் எங்கள்மேல் அடித்தது. மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு போயின. கரண்டு இல்லை, போன் இல்லை. நாங்கள் சிதம்பரத்தில் ஓடு பறந்ததோடு தப்பித்தோம். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அங்கே டி.வி.யில் கடலூரைப் பார்த்துக்கொண்டு, மணிக்கொருதரம் நம்பரை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். லைன் கிடைத்த அன்று அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. “போதும்டி. நான் வந்துடறேன்,” என்றார். அங்கே தண்ணீர் வந்ததால் நான் போகவில்லை. இங்கே காற்று அடித்ததால் அவர் வந்துவிட்டார். பழைய ஆலையிலேயே மறுபடி வேலை.

சந்தோஷம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு புருஷன் வீட்டில் இருக்கிறார். ஆனால் அவர் வந்த முதல் ஞாயிறு காலை இட்லிக்கு மாவு ஊற்றும்போது போன் அடிக்காது என்று உறைத்தது. இனி என்னை யார் ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு போவார்கள்? அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஆளும் கிளம்பி வந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்து பாசிப்பச்சைச் செருப்பை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது, காது மடல் மாதிரி மெத்தென்று. அழுக்கே இல்லை. போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தாற்போல இருந்தது.

“அளவு எப்படித் தெரிஞ்சிச்சு உங்களுக்கு?”

“திருவந்திபுரத்துல அந்தக் காலு என் கையிலதான இருந்துச்சு,” என்றார்.

“செருப்ப மாட்டிகினு கூடத்துல நிக்கிறியே, சாமி இருக்கிற வூடு!” என்று அத்தை சத்தம் போட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான். வெளியே போட்டால் ஒரே நாளில் மண்ணாகிவிடும். உள்ளே போடுவது எங்கள் வழக்கமில்லை. சிதம்பரத்தில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ள இடமே இல்லை. கடைசியில் வாசல்கதவுக்கு உட்புறம் ஓரமாக, செய்தித்தாள் விரித்து, மூக்கு வீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். அங்கேயும் அப்படித்தான் வைத்திருந்தாராம்.

திங்கட்கிழமை காலை ஆலைக்குக் கிளம்பினார். பழக்கம் போகுமா? அடுப்பை நோக்கி விரலை நீட்டி, “சரி!” என்றார். மோட்டார் சுவிட்சைப் பார்த்து, “சரி!” பின்கதவைப் பார்த்து, “சரி!” பிறகு வாசல் பக்கம் திரும்பினார். விரல் தானாக அந்தச் செருப்பை நோக்கிப் போனது.

“இன்னும் வரல,” என்றார்.

நான் சாப்பாட்டு டப்பாவோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. “பழக்கம்டி,” என்றார். “தெரியும்,” என்றேன். டப்பாவை வாங்கிக்கொண்டு, “போயிட்டு வரேன்,” என்று படியிறங்கிவிட்டார்.

சந்து பொந்து விடாமல் அந்த ஊரை எனக்குக் காட்டியவர், தன் அறை வாசலை மட்டும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார். அத்தனை நாளும் காலையில் அங்கே நின்று, குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற விதிப்படி, ஆளில்லாத அறைக்கு என் குறையைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறார்.

அத்தை குளிக்கப் போன சமயம் செருப்பில் காலை நுழைத்தேன். விரலை நீட்டி என் காலையே சுட்டினேன். “சரி” என்று சொல்ல வாய் வரவில்லை.

“வந்துட்டேன்,” என்றேன். “ஊருதான் இல்ல.”